மாமா வண்டி

ஓசூருக்குக் கிளம்பும் அவசரத்தில் ஷூவுக்குள் காலைத் திணித்துக்கொண்டிருந்தேன். செல்போனில் ஒரு எஸ்எம்எஸ். ஹெல்மெட் இல்லாமல் இருசக்கர வாகனம் ஓட்டியதற்கு 1000 ரூபாய் அபராதம். 2023 ஏப்ரல் மாதம் அது. எனக்குச் சிரிப்புதான் வந்தது. வீட்டில் இருப்பது ஒரு காரும் மனைவியின் ஸ்கூட்டரும். ஸ்கூட்டர் ஒரு மாதமாகப் பஞ்சராகி வாசலில் நிற்கிறது. காருக்கு ஹெல்மெட் கேட்டு அபராதம் போட்ட கதைகளைப் பேப்பரில் படித்திருக்கிறேன். நமக்கும் அந்த யோகம் அடித்துவிட்டது போல என்று கிளம்பிவிட்டேன்.

சூளகிரி தாண்டும்போதுதான் உறைத்தது. மெசேஜில் இருந்தது கார் நம்பரும் இல்லை, ஸ்கூட்டர் நம்பரும் இல்லை. ஆனால் எங்கேயோ நிறைய எழுதிப் பழகிய நம்பர். வண்டியை ஓரங்கட்டிவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தேன். டிஎன் 24 என்று தொடங்கும் அது, 2021-இல் நான் விற்றுவிட்ட ஸ்ப்ளெண்டருடைய நம்பர்.

உடனே நம்பிவிடவும் இல்லை. எங்கள் கம்பெனியில் ஒருவர் வாட்ஸ்அப்பில் வந்த 'ஆர்டிஓ சலான்' என்கிற ஏபிகே ஃபைலைத் தொட்டு, சம்பளம் வந்த அன்றைக்கே மொத்தத்தையும் விட்டிருந்தார். அதனால் மெசேஜில் இருந்த லிங்க்கைத் தொடாமல், மத்தியானம் கேன்டீனில் உட்கார்ந்து அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனின் முகவரியை நானே டைப் செய்து, பழைய ஆர்.சி. ஜெராக்ஸில் இருந்து சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எண்களைப் பார்த்துப் போட்டு, ஓடிபி வாங்கி உள்ளே போனேன். உண்மையான அபராதம்தான். கூடவே ஒரு படம்.

கம்பத்தின் மேலிருந்து எடுத்த படம். ஜனவரி மாதத்து விடியல், மணி 5.50. இருட்டில் எடுத்ததால் கறுப்பு வெள்ளை. நம்பர் பிளேட் மட்டும் பளீரென்று வெளுத்துத் தெரிந்தது. ஓட்டுகிறவன் தலையில் துண்டைச் சுற்றிக் காதை மூடியிருந்தான். முகம் தெரியவில்லை. ஹெட்லைட்டுக்கு மேலே வைசரில் ஏதோ எழுத்து. பெரிதாக்கிப் பார்த்தேன். 'வேடியப்பன் துணை'. 2010-இல் வண்டி எடுத்த வாரம் அப்பா பெயின்டரிடம் கூட்டிப்போய் எழுத வைத்தது. எங்கள் பக்கத்தில் நடுகல்லுக்குப் பொட்டு வைத்து வேடியப்பன் என்று கும்பிடாத ஊர் குறைவு. வண்டியை விற்றபோது அதை அழிக்கத் தோன்றவில்லை. வேடியப்பன் புதிய ஆளுக்கும் துணையாக இருக்கட்டுமே என்று விட்டிருந்தேன். இருந்திருக்கிறார். ஹெல்மெட் விஷயத்தில் மட்டும் அவர் தலையிடவில்லை.

விற்ற கதை எல்லோருக்கும் தெரிந்த கதைதான். கொரோனா காலத்தில் கம்பெனி பஸ்ஸை நிறுத்தினார்கள், நான் கார் வாங்கினேன், ஸ்ப்ளெண்டர் தூசி படிந்தது. பழைய வண்டி வாங்கி விற்கும் ஒரு கன்சல்டிங் கடையில் 18,000 ரூபாய்க்குக் கொடுத்தேன். கடைக்காரர் 29, 30 இரண்டு ஃபாரத்திலும் பென்சிலால் பெருக்கல் குறி போட்டு, "இங்க இங்க கையெழுத்து போடுங்க சார், மீதிய நான் பாத்துக்கறேன்" என்றார். போட்டேன். வாங்குகிறவர் பெயர் இல்லை, தேதி இல்லை. எங்களுக்கு நம்பர் பிளேட்டில் 29 என்றால் தருமபுரி வண்டி. மோட்டார் வாகன விதிகளில் 29 என்றால் 'என் வண்டியை இன்னாருக்குக் கொடுத்துவிட்டேன்' என்று விற்கிறவர் அரசுக்குச் சொல்லும் அறிவிப்பு. விற்ற 14 நாளுக்குள் அதைச் சொல்ல வேண்டியது விற்கிறவரின் வேலை என்று சட்டத்தின் 50-ஆவது பிரிவு சொல்கிறது. 30 நாளுக்குள் பேர் மாற்றக் கேட்பது வாங்குகிறவரின் வேலை. கடைக்காரரின் வேலை என்று எதுவும் அதில் இல்லை. 2022 டிசம்பரில் விதியைத் திருத்தி, அனுமதி பெற்ற டீலரிடம் வண்டியை ஒப்படைத்துத் தகவல் பதிந்தால் அதன் பிறகு பொறுப்பு டீலருடையது என்று கொண்டுவந்தார்கள். அது எனக்குப் பிந்திய காலம். நான் காசை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டு, போகும் வழியில் ஒரு பொரி பாக்கெட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன்.

நான் கேமரா கட்சி

என் பழைய கட்சியை இங்கே சொல்லிவிட வேண்டும். டீக்கடையிலும் கம்பெனி கேன்டீனிலும் கேமராவுக்காக வாதாடுகிற ஒரே ஆள் நான்தான். சாலையோரம் நிற்கும் போலீஸ்காரர் நம்மை நிறுத்தினால் முதல் கேள்வி 'எந்த ஊர்?' இரண்டாவது, 'யார் வீடு?' சரியான பதில் இருந்தால் போகலாம். இல்லாதவன் ஓரமாக நின்று எல்லா பேப்பரையும் எடுக்க வேண்டும். கேமராவுக்கு ஊர் கேட்கத் தெரியாது. ஒன்றியச் செயலாளர் வண்டியும் கறவை மாடு வைத்திருப்பவர் வண்டியும் அதற்கு ஒன்றுதான். இதுதான் என் வாதம். தொப்பூர் கணவாயில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் லாரியை இறக்குகிற கதையை இந்தப் பக்கம் தெரியாதவர் இல்லை. 2024 ஜனவரியில் அங்கே லாரிகள் மோதி எரிந்த காட்சி போன் போனாகச் சுற்றியபோது, "எத்தனை போலீஸை அந்த இறக்கத்தில் நிறுத்த முடியும்? கேமராதான் நிற்கும்" என்று இன்னும் சத்தமாகப் பேசினேன்.

என் மேலேயும் கேமரா பாய்ந்திருக்கிறது. வாரத்துக்கு ஒரு தடவை கம்பெனி வேலையாகப் பெங்களூரு போகிறவன் நான். சிக்னல் கோட்டைத் தாண்டி நின்றதற்கு மூன்று அபராதம், தலைக்கு 500. தப்பு என்னுடையதுதான், படத்தில் முன் சக்கரம் கோட்டின் மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தது. 2023 பிப்ரவரியில் கர்நாடக அரசு பழைய அபராதங்களைப் பாதித் தொகையில் கட்டலாம் என்று 11-ஆம் தேதி வரை சலுகை கொடுத்தது. ஆடித் தள்ளுபடியில் புடவை எடுப்பது போலக் கூட்டம் கூட்டமாக ஜனம் கட்டியது, நானும் 750 ரூபாயில் முடித்துக்கொண்டேன். அதன் பிறகு அந்தச் சிக்னல்களில் கோட்டுக்கு ஒரு முழம் பின்னாலேயே நிற்கிறேன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தாலும் நகருவதில்லை. ஆக, அபராதம் என்றால் ஆளைத் திருத்தும், நான் திருந்தவில்லையா என்று நினைத்திருந்தேன்.

அந்த நினைப்போடுதான் ஸ்ப்ளெண்டருக்கு வந்த முதல் 1000 ரூபாயை நானே கட்டினேன். 2022 அக்டோபர் வரை தமிழ்நாட்டில் ஹெல்மெட் இல்லாவிட்டால் 100 ரூபாய்தான், அதற்குப் பிறகுதான் 1000. கட்டும்போது, விற்றுவிட்ட வண்டி என்று தளத்தில் இருந்த குறைதீர்ப்புப் பகுதியில் எழுதியும் போட்டேன். பதிவேட்டில் உரிமையாளர் நீங்கள்தான் என்று பதில் வந்தது. சட்டப்படி அது சரியான பதில். கேமரா அபராதத்துக்கான 167ஏ விதியை 2021 ஆகஸ்டில் கொண்டுவந்தார்கள். கருவிக்கு ஆண்டுதோறும் சான்றிதழ் புதுப்பிக்க வேண்டும், முன்னால் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும், குற்றமும் நம்பர் பிளேட்டும் தெளிவாகத் தெரியும் படம் வேண்டும், 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது. ஜனவரி படத்துக்கு எனக்கு ஏப்ரலில்தான் தகவல் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு சண்டை போட்டிருக்கலாம். யாரோ ஒருவன் தலைக்காக நான் எதற்குச் சட்டம் பேச வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

கன்சல்டிங் கடைக்குப் போனேன். அந்த இடத்தில் சிக்கன் பகோடா விற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஐந்து படங்கள்

இரண்டாவது படம் 2023 ஜூலை. இந்த முறை கலர். பின் சீட்டில் மூன்று தக்காளி கிரேட், ரப்பர் டியூபால் கட்டி. தக்காளி கிலோ நூறைத் தாண்டி ஓடிய மாதம் அது. கிரேட்டுக்கு 25 கிலோ என்று வைத்தாலும் நான் வண்டியை விற்ற விலையில் பாதியைப் பின்னால் வைத்துக்கொண்டு போகிறான். தலையில் ஒன்றும் இல்லை. கொஞ்சம் சிரித்த மாதிரிகூட இருந்தது. தக்காளி அந்த விலைக்குப் போனால் நானும் சிரிப்பேன். அதையும் கட்டினேன்.

மூன்றாவது டிசம்பரில். குரங்குக் குல்லாய். நான்காவது 2024 மார்ச்சில், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு. ஹெல்மெட்டுக்கு எழுதினார்கள், போனுக்கு எழுதவில்லை, அந்த வரைக்கும் லாபம். இவை இரண்டையும் நான் கட்டவில்லை. கோபம் வந்துவிட்டது. சொந்தக்காரர் ஒருவர் யோசனை சொன்னார்: "வண்டி காணோம்னு ஸ்டேஷன்ல ஒரு மனு எழுதிக் குடுங்க. வண்டியப் புடிச்சி உள்ள நிறுத்திருவாங்க. ஆளு தானா உங்களத் தேடிக்கிட்டு வருவான்." பொய் மனுதான். ஆனால் உட்கார்ந்து எழுதினேன். 'ஐயா, மேற்படி வாகனம்' என்று தொடங்கி ஒன்றரைப் பக்கம். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

கோபத்தோடு இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. அதை வீட்டில்கூடச் சொல்லவில்லை. மெசேஜ் வந்தால் கூசிக்கொண்டே திறப்பேன், ஆனால் திறப்பேன். எல்லாப் படமும் பாலக்கோடு பக்கத்து ஒரே கூட்டு ரோட்டில் எடுத்தவை, எல்லாம் ஒரே திசையில், மண்டிக்குப் போகும் நேரத்தில். வலது பக்கக் கண்ணாடி இரண்டாவது படத்தில் இருந்தது, மூன்றாவதில் இல்லை. நான்காவதில் சீட் கவர் புதிது. நான் பத்து வருஷம் உட்கார்ந்த சீட். இவன் மழைக்கு என்ன செய்கிறான், வண்டிக்கு எப்போது ஆயில் மாற்றுகிறான் என்றெல்லாம் யோசிக்க ஆரம்பித்திருந்தேன்.

ஐந்தாவது படம் 2024 ஜூன். பள்ளிக்கூடம் திறந்த இரண்டாவது வாரம். மணி 8.40. பின்னால் கிரேட் எதுவும் இல்லை. முன்னால் பெட்ரோல் டேங்க்கின் மேல் யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் குழந்தை. ஐந்து வயது இருக்கும். இரட்டைப் பின்னல், சிவப்பு ரிப்பன், கழுத்தில் தண்ணீர் பாட்டில். இரண்டு கையாலும் ஹேண்டில்பாரின் நடுவைப் பிடித்துக்கொண்டு நேராகக் கேமராவைப் பார்க்கிறது. இருவர் தலையிலும் எதுவும் இல்லை. குழந்தையின் முழங்காலுக்குக் கீழே, வைசரில், வேடியப்பன் துணை.

படத்தை மூடிவிட்டு அதே தளத்தில் வண்டியின் விவரத்தைப் பார்த்தேன். இன்ஷூரன்ஸ் முடிந்து ஒன்றேகால் வருஷம் ஆகியிருந்தது. அன்று ராத்திரி தூங்கவில்லை. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் என்பவரின் வழக்கில் சொன்ன தீர்ப்பு எங்கள் கம்பெனி வக்கீல் வாயால் எனக்குத் தெரியும். மூன்று நான்கு கை மாறிய கார், பேர் மட்டும் மாறவில்லை, விபத்தில் ஒரு சிறுவன் இறந்துபோனான். நஷ்டஈடு யார் தருவது? யார் பேரில் பதிவு இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணுக்கு உரிமையாளர், அவர்தான் தர வேண்டும் என்றது நீதிமன்றம். இன்ஷூரன்ஸும் இல்லை என்றால் வீட்டை விற்கும் கதை. நான் பயந்தது அந்த நஷ்டஈட்டுக்கா, ரிப்பன் கட்டிய அந்தத் தலைக்கா என்று பிரித்துச் சொல்லச் சொன்னால் இப்போதும் எனக்குக் கஷ்டம்தான். இரண்டும் கலந்துதான் இருந்தது. எது முதலில் வந்தது என்று கேட்டுவிடாதீர்கள்.

மண்டியில்

இரண்டாவது படத்தில் கிரேட்டின் பக்கவாட்டில் நீலப் பெயின்ட்டில் இரண்டு எழுத்து இருந்தது. மண்டிக்காரர்கள் தங்கள் கிரேட் அடுத்த கடைக்குப் போய்விடாமல் எழுதி வைப்பது. ஞாயிற்றுக்கிழமை விடியலில் கிளம்பி, காவேரிப்பட்டணத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, பாலக்கோடு மண்டிக்குப் போய் அந்த இரண்டு எழுத்தைத் தேடினேன். அரைமணி நேரத்தில் கடை கிடைத்தது. கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவரிடம் போனில் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்துவிட்டு, "போலீஸா?" என்றார். இல்லை, இது என் பழைய வண்டி என்றேன். "பின்னாடி எடை போடற இடத்துல நிக்கறான் பாருங்க."

வண்டியைத்தான் முதலில் பார்த்தேன். நான் கொடுத்தபோது இருந்ததைவிடச் சுத்தமாக இருந்தது. செயின் கவரில் இருந்த ஆட்டம்கூட நின்றிருந்தது. பக்கத்தில் காலி கிரேட்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தவருக்கு முப்பது வயது இருக்காது. இத்தனை நாள் 'அவன்' என்றே மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நேரில் பார்த்தவுடன் என்னவோ 'தம்பி' என்றுதான் வாயில் வந்தது.

"தம்பி, இந்த வண்டி..."

"ஏன் சார், வழியில நிக்குதா? எடுத்துர்றன்."

என் பேரைச் சொன்னேன். கையில் இருந்த கிரேட்டை அப்படியே கீழே வைத்தார். என் முகத்தைப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார். "அட, மாமா!" என்றார். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க சார். போலீஸ் நிறுத்தினா ஆர்.சி. காட்டுவன். இது யாருடா பேருன்னு கேப்பாங்க. எங்க மாமா வண்டின்னு சொல்லிருவன். மூணு வருசமா சொல்லிச் சொல்லி அப்படியே பழகிப்போச்சி. ஊட்லயும் மாமா வண்டின்னுதான் பேரு."

நான் கொண்டுபோயிருந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. போனை எடுத்து ஐந்து படங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். துண்டு, தக்காளி, குல்லாய், போன். ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. பாப்பா படத்தில் நின்றார். "இது எங்க சார் எடுத்தது?" கூட்டு ரோட்டில், கம்பத்தில் என்றேன். "அது சும்மா நிக்கற கேமரான்னு இல்ல நெனச்சன். எனக்கு ஒரு மெசேஜும் வரலயே சார்."

வராதுதான். அங்கே, அழுகின தக்காளி வாடைக்கு நடுவே நின்றுகொண்டு, எனக்கு அது அப்போதுதான் விளங்கியது. பதிவேட்டில் இருப்பது என் செல் நம்பர். ஒன்றரை வருஷத்தில் ஐந்து தடவை அந்தக் கூட்டு ரோட்டில் இவருக்கு அபராதம் விழுந்திருக்கிறது, ஐந்து தடவையும் அது காவேரிப்பட்டணம் தாண்டி, தென்பெண்ணையைத் தாண்டி, கிருஷ்ணகிரியில் ஷூ மாட்டிக்கொண்டிருந்த என் சட்டைப் பைக்கு வந்திருக்கிறது. 5000 ரூபாய் அபராதம் ஒருவரின் தலையில் ஒரு தடவைகூட ஹெல்மெட்டை ஏற்றவில்லை, ஏனென்றால் அந்தத் தலைக்கு விஷயமே தெரியாது. பெங்களூரு சிக்னலில் நான் ஒரு முழம் தள்ளி நிற்கக் கற்றுக்கொண்டது மெசேஜ் எனக்கு வந்ததால். ஊர் கேட்காது, ஆள் பார்க்காது என்று கேமராவைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேனே, ஆள் பார்க்காததன் மறுபக்கம் இது. ரோட்டோரத்துப் போலீஸ்காரர் என்றால் அந்த நிமிஷமே வண்டியை மறித்து, "குழந்தைய இப்படியா உக்கார வெப்ப?" என்று நாலு வார்த்தை திட்டியிருப்பார். காசு வாங்கியிருக்கலாம், வாங்காமலும் இருந்திருக்கலாம். திட்டு மட்டும் உரியவர் காதில் விழுந்திருக்கும்.

திட்ட வேண்டியதை நான் திட்டினேன். நாலு வயசுக்கு மேல் குழந்தைக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்றேன். தலையை ஆட்டினார். ஆனால் பேர் மாற்றாததற்குத் திட்ட ஆரம்பித்தபோதுதான் கதை திரும்பியது.

"ரெண்டு வாட்டி போனன் சார். கன்சல்டிங்காரன் பேரு மாத்த மூவாயிரம் கேட்டான், குடுத்தன். அப்பறம் லோன் இருக்குதுன்னு காட்டுது, மாத்த முடியாதுன்னுட்டாங்க. ஓனர வரச் சொல்லுன்னாங்க. உங்க ஊட்டு அட்ரசுக்கு வந்தன், நீங்க காலி பண்ணிட்டீங்கன்னு சொன்னாங்க." சீட்டைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரப்பர் பேண்ட், அதற்குள் இன்னொரு கவர். உள்ளே என் 29-ம் 30-ம். மூன்று மழைக்காலம் தாண்டி ஒரு பொட்டு ஈரம் இல்லை. பென்சில் பெருக்கல் குறியின் மேல் என் கையெழுத்து. அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் ஒட்டியிருந்தது.

எல்.ஐ.சி. பாண்டுக்குக் கீழே

2010-இல் அந்த வண்டியை பேங்க் லோனில் எடுத்தேன். 2013-இல் கடைசித் தவணை கட்டினேன். லோன் முடிந்ததற்கான கடிதமும் 35-ஆம் எண் ஃபாரமும் வந்தன. அதைக் கொண்டுபோய் ஆர்.சி.யில் இருக்கும் ஹெச்.பி.யை நீக்க வேண்டும் என்று பேங்க்கிலேயே சொன்னார்கள். ஹெச்.பி. என்பது இந்த வண்டியின் மேல் கடன் இருக்கிறது என்று ஆர்.சி.யில் ஏறும் பதிவு. கடன் தீர்ந்தாலும் நாமாகப் போய் நீக்கினால்தான் போகும். நாளைக்குப் போகலாம் என்று டிராயரில் வைத்தேன். அங்கேயேதான் இருந்தது. அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து எல்.ஐ.சி. பாண்டுகளுக்குக் கீழே கையை விட்டபோது, ஓரம் பழுப்பேறி, மடிப்பு மடிப்பாக, பதினோரு வருஷமாக.

நான் தேடிப் போன குற்றவாளி ஆவணங்களைச் சீட்டுக்கடியில் மழைபடாமல் வைத்திருக்கிறார். நான் டிராயரில் வைத்து மறந்திருக்கிறேன். மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதத் தேடியா பாலக்கோடு வரைக்கும் போனீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

பழைய கடிதம் செல்லாது, புதிதாக வாங்க வேண்டும் என்றார்கள். லோன் கொடுத்த கிளை வேறு இடத்துக்குப் போயிருந்தது, பழைய கணக்கைத் தோண்டி எடுக்க மூன்று வாரம். பிறகு ஹெச்.பி. நீக்கம், பிறகு பேர் மாற்றம், இருவருக்கும் ஆதார் ஓடிபி, அதற்கு முன் இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழ். எல்லாம் முடிய புரட்டாசி ஆகிவிட்டது. அலைச்சலை விவரித்து உங்களைச் சோதிக்க விரும்பவில்லை, அலையாதவர் யார்?

நிலுவையில் இருந்த மூன்று அபராதத்தைக் கட்டாமல் பேர் மாற்றம் நகராது. அதற்கும் ஒரு பஞ்சாயத்து நடந்தது. "ஓட்டினது நானு, தப்பு என்னுது, நான்தான் சார் கட்டணும்" என்றார் தம்பி. ஹெச்.பி.யை நான் நீக்கியிருந்தால் முதல் மெசேஜே உங்களுக்கு வந்திருக்கும், மீதி நாலும் விழுந்திருக்காது என்றேன். அதற்கு அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது எப்படி சார் தெரியும்? மெசேஜ் வந்திருந்தாலும் நான் போட்டிருப்பனோ என்னவோ" என்றார். என் கட்சிக்கு இதைவிட நேர்மையான எதிர்வாதத்தை எந்த டீக்கடையிலும் நான் கேட்டதில்லை. கடைசியில் அவர் இரண்டு, நான் ஒன்று என்று கட்டினோம். முன்பு கட்டிய இரண்டாயிரத்தைத் திருப்பித் தருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். ஒரு கிரேட் தக்காளியைக் கார் டிக்கியில் வைத்துவிட்டார். அப்போது தக்காளி என்ன விலை என்று கேட்காதீர்கள், வீட்டில் பத்து நாள் தக்காளித் தொக்குதான்.

கேமரா கட்சியை விட்டு நான் விலகவில்லை. கேன்டீனில் இப்போதும் பேசுகிறேன், கொஞ்சம் சத்தம் குறைத்து. யாராவது வண்டி விற்றதாகச் சொன்னால் விலை கேட்பதற்கு முன் 'ஹெச்.பி. எடுத்தாச்சா?' என்று கேட்கிற வியாதி வந்திருக்கிறது. அடுத்த மேஜையில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

பேர் மாறியதாக வந்த மெசேஜ்தான் அந்த வண்டியைப் பற்றி எனக்கு வந்த கடைசி மெசேஜ். இனிமேல் படம் எடுத்தால் அது போக வேண்டிய போனுக்குப் போகும். ஆனால் பழைய ஆர்.சி. ஜெராக்ஸ் இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. சேசிஸ் நம்பரின் கடைசி ஐந்து எண் மனப்பாடம். மாதத்துக்கு ஒரு தடவை, வேலை இல்லாத மத்தியானத்தில், தளத்தில் போட்டுப் பார்க்கிறேன். நிலுவை எதுவும் இல்லை என்று வருகிறது. மாமனும் மருமகனுமாக ஒருநாள் அந்தக் கூட்டு ரோடு வரைக்கும் போய் அந்தக் கேமரா ரிப்பேராகிக் கிடக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.